மூடிக்குள் நிறைந்த மை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். அண்மையில் வாசித்த ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பச்சை மையால் 'பிரமாதம்!' என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடும் இழுத்தேன். மலையின் ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தடித்திருந்த தாளில் மை பரவி, அந்த ஆச்சரியக்குறி சின்னச் செடிபோலக் கிளைவிட்டது. துருவும் ஈரத்துணியும் கலந்தாற்போல் ஒரு வாசனை எழுந்து மூக்கில் ஏற, என் ரசனையை நானே மெச்சிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். எழுதத் தெரிந்த நாளிலிருந்து இதைவிடக் கேவலமான சொல் ஒன்றை நான் எழுதியதில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.

எனக்குத் தொழில், மலைமேலிருக்கிற திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் வரை லோரி ஓட்டுவது. சந்தையில் சரக்கு இறங்கும் வரை மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், நான் வாசிப்பேன். வாசித்தால் போதாதென்று, பெரிய விமர்சகர்போலக் கையில் மைப்பேனாவும் வைத்திருப்பேன். விலையுயர்ந்த பேனா அல்ல. பலசரக்குக் கடையில் பற்பசைக்குப் பக்கத்தில் தொங்குகிற சீனப் பேனாதான். மூக்குக் கண்ணாடி, ஸ்டியரிங், சட்டைக் காலர், எதைத் தொட்டாலும் மை. "உங்க சட்டையத் தொவைக்கிறதுக்கு உங்களையே தொவைச்சுடலாம் லா" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரன். மலை ஏறும்போது பேனாவை முள் மேலே பார்க்கும்படி சட்டைப்பையில்தான் குத்தியிருப்பேன், படுக்கவே விடமாட்டேன். மேலே ஏற ஏறக் காற்று லேசாகிவிடும். பேனாவின் வயிற்றுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். அடிவாரத்துத் தாப்பாவில் பாதி மையோடு தலைகீழாகக் கிடக்கிற பேனா, மலைமேல் ரிங்லெட் வருவதற்குள் தன் மூடிக்குள்ளேயே வாந்தி எடுத்திருக்கும். இந்த அறிவை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. என் அப்பாவின் செலவில் படித்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேனா குத்திக்கொள்வதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. துரைக்கு அது தேவையில்லை, அவர் கையை நீட்டினால் யாராவது ஒரு பேனாவை வைப்பார்கள். ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி, சின்ன கிராணி, மருந்துக்காரர், தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஆகியோர் சட்டைப்பையில் குத்திக்கொள்ளலாம். கங்காணி காதில் பென்சில் செருகிக்கொள்ளலாம். மற்றவர்களின் சட்டைப்பை பீடிக்கும் வெற்றிலைக்கும் உரியது. சம்பள நாளன்று ஆபீஸ் சன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கும். சன்னலுக்குள்ளே பெரிய கிராணி, விளிம்பில் ஊதா மை ஊறிய தகரப்பெட்டி. கட்டைவிரலை அதில் ஒற்றி, புத்தகத்தில் ஒற்றி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, விரலைச் சுவரில் தேய்த்துவிட்டு நகர வேண்டும். அப்படித் தேய்த்துத் தேய்த்தே அந்தச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊதாவாகிப் போயிருந்தது. இதற்குக் 'கைநாட்டு' என்று பெயர். "கைநாட்டுப் பயல்" என்பது எங்கள் லயத்து வரிசைவீடுகளில் ஒரு சில்லறை வசவு. சொல்கிறவனும் கைநாட்டுத்தான் என்பதால் யாருக்கும் அதிகம் வலிக்காது.

என் அப்பா அங்கமுத்து கவாத்துக்காரர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிச் சமன்படுத்துகிற வேலை. கத்தி பிடித்துக் காய்த்த கை. என்ன நினைத்தாரோ, ஒரு மழைக்காலத்தில் தன் பெயரை எழுதிப் பழக வேண்டும் என்று ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் வாத்தியார். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையும் அடுப்புக்கரியும் எங்கள் பள்ளிக்கூடம். மற்ற எழுத்துகள் எப்படியோ வந்துவிட்டன, 'ங்' மட்டும் அவர் கையில் அகப்பட்டதும் கவாத்து வெட்டிய செடிபோல் மொட்டையாகி நிற்கும். என் வாத்தியார் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன்: "மக்கு" என்று சொல்லி மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "அப்பன் தலையில குட்டுற கைய ஒடச்சு அடுப்புல வச்சிருவேன்" என்று கத்தினாள். அப்பா தலையைத் தடவிக்கொண்டே, "நீ சும்மா இரு புள்ள, வாத்தியாரு கோவிச்சுக்கப் போறாரு" என்றார்.

மழை விடுவதற்குள் 'ங்' வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் தாப்பாவில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர், அங்கேயே ஒரு மைப்பேனா வாங்கினார். கடைக்காரர் எழுதிக் காட்டுவதற்காக அரைவாசி மை ஏற்றியிருந்தார். மறுநாள் சம்பள நாள். பஸ்ஸில் கூட வந்த எங்கள் தோட்டத்து ஆட்கள், "குத்திக்கண்ணே, கிராணியாரு மாதிரி இருப்பே" என்று கேலியும் ஆசையுமாகச் சொன்னார்களாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டுத்தான் குத்துவேன். அதுக்கு முன்னாடி குத்துனா வேசம்டா" என்று சொல்லி, பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி, கல்யாண வீட்டுப் பலகாரத்துக்கு அடியில், பையின் மூலையில் தலைகீழாகச் செருகிவிட்டார். வேசம் போட்டிருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கசிந்திருக்காது. அடக்கமாக இருந்தவருக்குத்தான் மூடி நிறைய மை சேர்ந்தது.

சம்பள நாள் சாயங்காலம் நான் லயத்துக் குழாயடியில் காத்திருந்தேன். அப்பா வந்தார். வலது கை மணிக்கட்டு வரை நீலம். கல்யாணத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையின் நெஞ்சிலும் நீலம். "மூடியத் தொறந்தேன், கொட்டிருச்சு" என்றார். எனக்குச் சட்டையைப் பற்றி என்ன கவலை? "கையெழுத்துப் போட்டீங்களாப்பா?" என்றேன்.

"போட்டேன்."

"'ங்' சரியா வந்துச்சா?"

"வந்துச்சு" என்றவர், பேனாவை என் கையில் வைத்து, "இனிமே நீ வச்சிக்க" என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்க்க ஆரம்பித்தார். செங்கல் தூளால் தேய்த்தார். நான் பேனா கிடைத்த குஷியில் லயத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளியில் பையன்கள், "மைக்கூட்டு மகன் வர்றான்டா" என்று சிரித்தார்கள். எனக்குப் பேனா கிடைத்த பொறாமை என்றே நினைத்தேன். இருந்தாலும் சிரிப்பு நிற்காததால், அவர்கள் ஆரம்பிப்பதற்குள் நானே மூக்கில் மையைத் தடவிக்கொண்டு கோமாளி ஆட்டம் ஆடிவிடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பிறகு அதுவே குணமாகிப் போனது. வளர்ந்த பின்பு, கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அப்பாவின் பேனா மலையேறி வாந்தி எடுத்த கதையைக் கைகால் ஆட்டிச் சொல்வேன். "அவ்வளவு மை கொட்டியும் மனுசன் கையெழுத்தப் போட்டுட்டுத்தான் வந்தாரு" என்று முடிப்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும். அப்பா உயிரோடு இருந்தவரை, நான் அந்தக் கதையைத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். வெட்கம் என்று நினைத்தேன்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். எழுதியவர் எங்கள் பெரிய கிராணியின் மகன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், சின்ன வயதிலேயே ஈப்போவுக்குப் படிக்கப் போய், கோலாலம்பூரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தோட்டத்தைப் பற்றிய நினைவுகள். நன்றாகவே எழுதியிருந்தார், பனி இறங்குவதையும் தொழிற்சாலையிலிருந்து வருகிற தேயிலை வாசனையையும் படித்தபோது லோரிக்குள் எனக்குக் குளிரெடுத்தது. வீட்டுக்கு வந்தும் விடாமல் வாசித்தேன். ஒரு பக்கத்தில் வயிறு வலிக்கச் சிரித்து, நான் சொன்ன அந்தச் சொல்லை ஓரத்தில் எழுதி, அந்தப் பகுதியை என் மனைவிக்குச் சத்தமாகவும் வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்: படிப்பறிவில்லாத ஒரு தொழிலாளி சம்பள நாளன்று 'கொஞ்சம் போட்டுக்கொண்டு', ஜம்பத்துக்கு வாங்கிய பேனாவோடு சன்னலுக்கு வருகிறான். கையெழுத்துப் போடப்போவதாகச் சொல்கிறான். மூடியைத் திறந்ததும் சம்பளப் புத்தகத்தில் நீலக் குளம்; பேனாவில் எழுத மையே மிச்சமில்லை. பெரிய கிராணி கோபப்படவில்லை. "அதான் மை வந்திருச்சே, அதுலயே வெரல வையி" என்கிறார். அவன் அந்தக் குளத்திலேயே கட்டைவிரலை ஒற்றி வைக்கிறான். வரிசை முழுவதும் சிரிக்கிறது. பத்தியின் கடைசி வரி: 'அவனும் சிரித்தான்.'

மனைவி சிரித்தாள். நான் மறுபடியும் சிரித்தேன். பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா சிரிக்கவில்லை.

"அது உங்கப்பாடா" என்றாள்.

"இல்லம்மா, இவன் குடிகாரன், கைநாட்டு. அப்பா கையெழுத்துப் போட்டாரே."

"போட்டேன்னு உங்கிட்டச் சொன்னாரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் எதையும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கதை நடந்த இடத்தில் நான் இல்லை, ஆனால் அதில் பாதியைக் காலமெல்லாம் பந்தி வாசல்களில் விற்றுத் தின்றிருக்கிறேன். மீதிப் பாதி அச்சில் வந்தபோது பச்சை மையில் பாராட்டும் எழுதியிருக்கிறேன். ஊரார் சிரிப்பதற்குள் நானே சிரித்துவிடுவது என்று சின்ன வயதில் பழகிய பழக்கம், கடைசியில் என் அப்பாவைப் பார்த்தும் முந்திக்கொண்டது.

அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "பேரு போட்டிருக்கானா?"

"இல்ல."

"அவன்கிட்டப் போய்ச் சொல்லு. பேரு அங்கமுத்து. அன்னிக்குக் குடிக்கல. பேரெழுதத் தெரியும். அதப் போடச் சொல்லு."

"சிரிப்பாங்களேம்மா."

"இப்ப மட்டும் அழுவுறாங்களா? யாரப் பாத்துச் சிரிக்கிறோம்னு தெரிஞ்சு சிரிக்கட்டும்."

போன வாரம் கிராணி மகன் மேலே வந்திருந்தார், புத்தகத்தைப் பற்றிப் பேச. கூட்டம் நடந்தது எங்கள் பழைய ஆபீஸில்தான். அது இப்போது சுற்றுலாக்காரர்கள் வந்து ஸ்டிராபெரியும் தேநீரும் சாப்பிடுகிற கடை. சுவருக்கு வெள்ளையடித்து, கொழுந்து எடைபோட்ட தராசைப் பூத்தொட்டி தொங்கவிட வைத்திருக்கிறார்கள். சன்னல் இருந்த இடத்தில் கேக் அலமாரி. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடம் கார் நிறுத்துமிடம். மலைச்சரிவில் கொழுந்து வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களுக்குச் சம்பளம் பேங்கில் விழுகிறது, விரலும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். எங்கள் தோட்டத்து ஆட்கள் என்று கூட்டத்தில் என்னையும் சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்குவோம். அவர் அந்தப் பக்கத்தையே வாசித்தார். நன்றாக வாசித்தார். கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

முடிந்ததும் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். வழக்கமாக வாய் நிறைய வைத்திருக்கிற நகைச்சுவை ஒன்றும் வரவில்லை. "அண்ணே, அந்தப் பேனா ஆளு எங்கப்பா" என்றேன். அவர் உண்மையிலேயே எழுந்துவிட்டார். "அடடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பலகை, கரி, 'ங்', அரைவாசி மை, பையின் மூலையில் தலைகீழாகக் கிடந்தது, அப்பா குடிக்கவே மாட்டார் என்பது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்த பதிப்பு வருதாமே அண்ணே. கதைய எடுக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். குடிச்சிருந்தாருன்னு போட்டத மட்டும் எடுத்திடுங்க. பேரு அங்கமுத்து, கையெழுத்துப் போடப் பழகிட்டுத்தான் வந்தாருன்னு ஒரே ஒரு வரி சேத்துடுங்க. எங்கம்மா கேக்கச் சொன்னாங்க."

கையெழுத்து வாங்க என் பின்னால் நின்ற ஒரு கோலாலம்பூர் அம்மாள் தன் புத்தகத்தை நீட்டினார். கிராணி மகன் அதை வாங்கித் திறந்து, தலை குனிந்தபடியே என்னிடம் சொன்னார்:

"பேரு போட்டா சிரிப்பு வராதே தம்பி."