மூன்று நாள், இரண்டு இரவு

பரிசு மண்டபத்திலிருந்து வெளியே வந்த என் மனைவி பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனைக்கு, எங்கள் அறைக்குத் திரும்புவதென்றால் வடக்கே பஸ் பிடித்திருக்க வேண்டும். அவள் தெற்கே, வெள்ளவத்தைப் பக்கம் நடந்தாள். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் சீட்டிழுப்புக்குப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள், இரண்டு இரவு, இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்து பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்துக்கு வந்து பரிசை வாங்குங்கள் என்று போனில் சொன்னார்கள். அங்கிருந்தே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். முற்றத்தைச் சுற்றியிருக்கும் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மண்டபத்தில் எங்களைத் தவிர யாரிடமும் பை இல்லை. ஒரு மணி நேரம் என்றவர்கள் நான்கு மணி நேரம் இருத்தி வைத்தார்கள். டை கட்டிய ஒரு பொடியன் அந்த ஹோட்டலில் வருடத்துக்கு ஒரு கிழமையை, ஏழு நாளை, இருபத்தைந்து வருடத்துக்கு வாங்கச் சொன்னான். முடியாது என்றேன். அவனுக்கு மேலுள்ளவர் வந்து விலையைக் குறைத்தார். அதற்கும் முடியாது என்றதும் சிரிப்பு நின்றது. ஒரு கடித உறையைத் தந்து அனுப்பிவிட்டார்கள்.

அதை நடந்தபடியே வாசித்தேன். ஏழாம் வகுப்போடு விட்ட படிப்பு. சின்ன எழுத்து மெதுவாகத்தான் ஓடும். ஒரு மாதத்துக்கு முன்பே பதிய வேண்டும். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, பள்ளி விடுமுறை எதுவும் கிடையாது. சாப்பாடு அங்கேதான், காசுக்கு. கடைசி வரியில், கணவனின் மூன்று மாதச் சம்பளச் சீட்டை இணைக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு அப்போது வேலையே இல்லை.

"இருவத்தஞ்சு வருசத்துக்கு என்னத்தை வாங்கச் சொன்னவன்?" என்று அவள் கேட்டாள்.

"வருசத்தில ஒரு கிழமை அந்த அறை எங்கட."

"மிச்சக் கிழமை?"

"வேற ஆக்களுக்கு."

"முறை வைச்சுத் தண்ணி பிடிக்கிற எங்கட முற்றத்துக் குழாய் மாதிரி. அதுக்கு டை கட்டிக்கொண்டு நிக்கிறான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வீட்ட போவமப்பா."

"நான் வரேல்லை. மூண்டு நாள் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். பின்னேரமே போய் நிண்டால் என்ன சொல்லுவினம்?"

புத்தளத்து உப்பளம், வவுனியாவில் மர ஆலை, வத்தளையில் தொழிற்சாலை என்று அலைந்தவன் நான். எங்கும் ஆறு மாதம் நின்றதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம். அவள் ஓர் இரவுகூட கொட்டாஞ்சேனை அறையை விட்டு வெளியே தங்கியதில்லை. அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் லொட்ஜ் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து விசா அலுவலாக வருகிறவர்கள் தங்கும் இடம். முதலாளி எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொட்டாஞ்சேனை ஆக்கள் வெள்ளவத்தையில ரூம் எடுக்கிறியளோ? வீட்டில சண்டையோ?"

"சுற்றுலா வந்தனாங்கள், அண்ணை," என்றாள் மனைவி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாலாம் மாடியில ஒண்டு கிடக்கு. கடல் தெரியும். ஆனால் லிஃப்ட் பழுது. பெட்டி தூக்கிறவனும் நேற்று வேலையை விட்டிட்டான்."

"நான் தூக்கிறன்," என்றேன். "கூலிக்குப் பதிலா ரெண்டு இரவுக்கு அறை தாங்கோ."

அவர் என் தோளைப் பார்த்தார், பிறகு அவளை. "ரெண்டு நாளுக்கு ஆள் எனக்கு எதுக்கு? மாதக் கணக்கில நிப்பீரோ?"

நான் பதில் சொல்லுமுன் அவள் சொன்னாள்: "நிப்பார்."

படியேறும்போது, "கேக்காமல் சொல்லிப்போட்டன்," என்றாள். "கோவமோ?"

"இல்லை."

அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்தாள். கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றாள். பெந்தோட்டையிலும் இதே தண்ணீர்தானே என்று என்னைக் கேட்டாள். ஓம் என்றேன்.

அடுத்த நாள் விடியற்காலை யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. நான்கு பெட்டி, ஒரு பனங்கிழங்குச் சாக்கு. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் நடை ஏறினேன். எங்கள் கதவைத் தாண்டும்போது காலை மெல்ல வைத்தேன். அவள் இன்னும் எழும்பவில்லை.