மேஸ்திரி வீட்டுக் கட்டை

எங்கள் நகராட்சிக் கொத்தனார் மேஸ்திரிக்கு நாங்கள் வைத்த பெயர் ரசமட்டம். மட்டம் பார்க்கும் அந்தக் கருவி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. டீக்கடை பெஞ்சில்கூட வைத்துக் குமிழைப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் கால் இஞ்ச் தாழ்வு” என்பார். அப்புறம்தான் டீ.

அவர் கட்டியதிலேயே அவருக்குப் பெருமை, பேருந்து நிறுத்தத்துப் பெரிய மரத்தைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் மேடை. பதினாறு வருஷமாக ஒரு கீறல் இல்லை.

இந்த வருஷம் மரம் நிறுத்தத்தின் பக்கமாகச் சாயத் தொடங்கியது. எப்பாடுபட்டாவது காப்பாற்றுவோம் என்று நகராட்சித் தலைவர் ஒலிபெருக்கி வைத்து அறிவித்துவிட்டார். வெளியூரிலிருந்து மர நிபுணரை வரவழைத்தார்கள்.

கூட்டத்தில் குறிப்பெடுத்தது நான். மேடையை எடுத்துவிட்டு, இரும்புக் கம்பியால் மரத்தை இழுத்துக் கட்டலாம் என்றார் நிபுணர். “பின்பக்கத்துப் பெரிய வேருங்கதான் பிடிச்சிட்டிருக்கு. அதை நம்பித்தான் சொல்றேன்.”

கதவோரம் நின்ற மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பக்கம் பெரிய வேரே இல்லைங்க. மேடை மட்டம் வரலைன்னு நான்தான் அறுத்தேன்.”

நகராட்சி இன்ஜினியர் சிரித்து மழுப்பினார். “எந்தக் காலத்துக் கதை இது. சின்ன வேரா இருந்திருக்கும், உங்களுக்கு இப்ப பெருசாத் தோணுது.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்றார். அறிவித்தது அறிவித்ததுதானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ‘கம்பித் திட்டம் ஏற்கப்பட்டது’ என்றே குறிப்பில் எழுதினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரி ஒரு கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அறுத்த வேரில் ஒரு துண்டை வீணாக்க மனமில்லாமல் அன்றைக்கே இழைத்து மனைவிக்குக் கொடுத்திருக்கிறார். பதினாறு வருஷமாக அதில் உட்கார்ந்துதான் அந்தம்மா காய் நறுக்குகிறார். மேசைமேல் வைத்தபோது தண்ணீர் டம்ளர்கள் ஆடின. ஒரு ஆளின் இடுப்புப் பருமன் இருந்தது.

“இது ஒண்ணு. இன்னும் ரெண்டு அறுத்தேங்க.”

நிபுணர் டேப்பால் அளந்தார். பிறகு பேனாவை மூடினார். “கம்பி தாங்காது. நிறுத்தத்தை இன்னைக்கே மாத்துங்க. மரத்தை வெட்ட வேண்டியதுதான்.”

வராந்தாவில் தலைவர் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். “தவளை தன் வாயால கெட்ட கதையாயிடுச்சு. சும்மா இருந்திருக்கக் கூடாதா?”

“இருந்திருக்கலாங்க. என் வீட்டுல அவங்களும் அங்கதான் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. எல்லார் வீட்டுலயும்தான் நிக்கிறாங்க.”

மூன்று நாளில் மரம் வெட்டுப்பட்டது. ஊரே நகராட்சியைத் திட்டித் தீர்த்தது. மேடையை இடித்துத் தரையைச் சரிசெய்யும் வேலையை மேஸ்திரி தலையிலேயே கட்டினார்கள். அன்று அவர் ரசமட்டம் கொண்டுவரவில்லை. யாரும் அதைக் கேலி செய்யவுமில்லை.

கட்டையைத் திருப்பிக் கொடுக்க நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா சமையலறைத் தரையில் சப்பணமிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்து வாசலிலேயே நிறுத்தினார்.

“தம்பி, அவர் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க. சரியாச் சாப்பிட்டு நாலு நாள் ஆச்சு. இதையும் பாத்தார்னா அந்த ஒரு வாயும் இறங்காது.”

இப்போது அது ஆபீசில் என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. கால் நீட்ட வசதியான உயரம்தான். இதுவரை நீட்டியதில்லை.