நல்ல தண்ணீர் உள்ள பக்கம்

சமாதானக் காலம் என்று எல்லோரும் சொன்ன அந்த வருடங்களில் நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச கந்தோரில், படவரைஞராக வேலை செய்தேன். அதற்கு முன்பு எங்கள் பிரிவில் திட்டம் என்ற சொல்லுக்குப் பெரிய வேலை இருந்ததில்லை. சண்டை நடக்கும் ஊரில் அடுத்த வருடத்துக்கு யார் படம் கீறுவார்கள்? உடைந்த மதகுகளைப் பதிவதும், இடம்பெயர்ந்து வந்தவர்களின் கொட்டில்களுக்கு இடம் காட்டுவதும்தான் எங்கள் நாள்.

பிறகு பாதை திறந்தது. கொழும்பு பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். அகதியாக இந்தியாவுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். சீமெந்து லொறிகள் தீவுக்கு வரும் பாலத்தில் வரிசையாக நின்றன. டவுனுக்குள் வாடகைக்கு ஒரு அறைகூடக் கிடைக்காமல் போனது. எங்கள் பெரிய அதிகாரி ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, "சனம் இனி ஊர்ப்பக்கம் பரவும். அது பரவ முந்தி நாங்கள் ஒரு படம் கீறி வைக்கோணும்" என்றார். அவர் விரல் வைத்த இடம் டவுனிலிருந்து ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போகும் வழியில், சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு மீன்பிடிக் கிராமம். அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அன்று சத்தம் போட்டுக்கொண்டவர்கள் இன்றும் ஒரே றோட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

அங்கே அப்போது கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம். அவர்களுடைய மாதா கோயிலுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டில்களில் இன்னொரு கூட்டம்: மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரு கலவரத்தில் வன்னிக்கு வந்து, வன்னியிலிருந்து சண்டையில் எழும்பி, கடைசியாக இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட கூலிக் குடும்பங்கள். அவர்களுக்கு அங்கேயே காணி கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. இன்னும் பல குடும்பங்கள் வரவிருந்தன.

நான் செய்த முதல் வேலை, ஊரில் இருந்த எல்லாக் கிணறுகளிலும் தண்ணீர் குடித்துப் பார்த்தது. சிரிப்பாக இருக்கும். ஆனால் மன்னார்த் தீவில் தண்ணீர்தான் ஊர். கொட்டில்காரர்களுக்காகப் பேசும் ஒரு அக்கா வாளியும் கயிறுமாக என்னோடு வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். ஒவ்வொரு கிணற்றடியிலும் நான் ஒரு வாய் குடித்து முகம் சுளிப்பதைப் பார்த்து, "தண்ணி குடிச்சாத்தான் காணி குடுப்பீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

றோட்டுக்கரையோரம் பனைகள் நின்ற மணல் மேட்டில் மட்டும் தண்ணீர் இனித்தது. அதற்கு உட்பக்கமாகத் தரவை என்ற உவர் வெளியை நோக்கிப் போகப்போக உவர்த்துக்கொண்டே வந்தது. மணலில் குழி வெட்டிக் கக்கூஸ் கட்டினால் அந்த அழுக்கு அப்படியே பக்கத்துக் கிணற்றுக்கு இறங்கும் என்று படித்திருந்தேன். ஆகவே படம் சுலபமாக வந்தது. பனை மேட்டில் புதிதாக ஒரு வீடும் இல்லை, கிணறுகள் மட்டும். வீடுகள் எல்லாம் உட்பக்கம். நீலப் பென்சிலால் மேட்டுக்கு வர்ணம் தீட்டி, என் வேலையை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

கோயில் மண்டபத்தில் படத்தை விரித்தபோது இரண்டு பக்கமும் ஒன்றாகக் கோபித்தது.

மேட்டில் பெரிய காணித் துண்டு வைத்திருந்தவர் ஊரின் சம்மாட்டி. சொந்தமாக வள்ளங்களும் கரைவலையும் உள்ளவர். அவர் கதிரையிலிருந்து எழும்பவே இல்லை.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ. கடலுக்குப் போக ஏலாமல் எத்தினை வரியம் குந்தி இருந்தனாங்கள். இப்பதான் றோட்டுக்கரைக் காணி கேட்டு ஆக்கள் வருகினம். அதில ஒண்டும் கட்டக்கூடாது எண்டு நீங்கள் டவுனில இருந்து கீறிக்கொண்டு வாறீங்கள்."

நான் பதில் சொல்வதற்குள் அந்த அக்கா எழும்பினார். எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"எங்கள மட்டும் உப்புக்குள்ள தள்ளுறீங்க மிஸ். மலையில லயத்துல இருந்தோம், வன்னியில காட்டோரம் இருந்தோம். இங்கயும் கடைசியிலதானா?"

என் முகம் எரிந்தது. கந்தோருக்குத் திரும்பி அதிகாரியிடம் சொன்னேன். "சனம் விரும்பினதைப் போட்டுக் குடுங்கோ. பிறகு வாறதை அவையள் பாக்கட்டும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல, களைத்தவர். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் நானும் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றவள். வரிசையின் முடிவில் கலங்கல் தண்ணீர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே அந்த அக்காவின் கொட்டிலுக்குப் போனேன். வெறும் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்தார். மேட்டுக்கு நடந்துபோய்த் தண்ணீர் அள்ளுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"நடக்கிறதுக்கு நாங்க எப்ப அஞ்சினோம்? வன்னியில நாங்க வேல செஞ்ச வயல்காரர் நல்ல மனுஷன்தான். அவரோட கிணத்துலதான் அள்ளுவோம். ஒருநாள் என்னமோ கோவம், வேலிப் படலைய மூடிட்டாரு. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு வாய்க்கால் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சேன். தூரம் ஒண்ணுமில்ல மிஸ். இன்னொருத்தர் படலைக்குள்ளாற போய்த்தான் தண்ணி எடுக்கணும்னா, அங்க எனக்கு வீடு வேணாம்."

என் படத்தில் என்ன இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கிணறு இருந்தது, வீடு இருந்தது. நடுவில் யாருடைய அனுமதியும் வேண்டாத ஒரு வழி இல்லை. மேட்டைப் பொதுக்காணியாக்கி, உட்பக்க வீடுகளிலிருந்து நேராக அங்கே போக உழவு மெசின் போகும் அகலத்தில் ஒரு றோட்டையும் போட்டேன். ஆனால் அது சம்மாட்டியின் காணியைக் கிழித்துக்கொண்டு போனது. அவரிடம் அதைக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. படம் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அதற்கிடையில் சம்மாட்டி தன் காணி முகப்பில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு இடம் விட்டிருந்தார். பஸ்ஸில் வருபவர்கள் இறங்கிப் போக வசதியாகக் கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸும் கட்டினார்கள். மாரி பெய்தது. முதல் பெருமழை விட்டபின் மேட்டில் இருந்த சம்மாட்டி வீட்டுக் கிணறு கெட்டு மணக்கத் தொடங்கியது. அவர் இறைத்துப் பார்த்தார், சுண்ணாம்பு போட்டார், கோயில் பங்குத் தந்தையைக் கூட்டிவந்து மந்திரிக்கவும் செய்தார். மணம் போகவில்லை.

அவருடைய மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டின் மறுமுனையில் இருந்த கோயில் கிணற்றுக்கு வந்தார். கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து அந்த அம்மா வெளிக் கிணற்றில் தண்ணீர் அள்ளியதே இல்லையாம். அங்கே கொட்டில்காரப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா தன் முறையை விட்டுக்கொடுத்தாராம். அந்த அம்மா மறுத்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாராம். இரண்டையும் பிறகு எனக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

மறுபடி மண்டபத்தில் கூடியபோது புதிய படத்தை விரித்தேன். சம்மாட்டி குனிந்து பார்த்தார். றோட்டு தன் காணிக்குள்ளால் போவதைக் கண்டதும் நிமிர்ந்தார். அவர் வாய் திறக்கமுன் பின்வரிசையிலிருந்து மனைவி பேசினார்.

"நீங்கள் றோட்டைக் குடுங்கோ. இல்லாட்டில் சமையலை நீங்களே பாருங்கோ. அந்தத் தண்ணியில நான் சோறு வைக்க மாட்டன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சம்மாட்டியும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அவர் சும்மா விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை. கடைகள் எல்லாம் பஸ் றோட்டுக்கு எதிர்ப்பக்கம், மேட்டுக்கு வெளியே வரட்டும், மேட்டில் விடும் காணிக்கு ஈடாக அங்கே தனக்கு முகப்புக் காணி வேண்டும் என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே அழித்துக் கீறினேன். அக்கா எழும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

"றோட்டுக்குப் படலை இருக்காதுல்ல?"

"றோட்டுக்கு ஆர் படலை போடுவினம்?" என்றார் சம்மாட்டி.

பங்குனியில் கட்டைகள் அடித்தோம். ஒரு பக்கம் நூலைச் சம்மாட்டியின் மூத்த மகன் பிடித்தான், மறுபக்கம் அக்காவின் மகள். வீடுகள் எழும்பின. முதலில் சுவர், பிறகு ஓடு, பிறகு முற்றத்தில் முருங்கை. கடைக் கக்கூஸ் குழியைத் தூர்த்து ஒரு மாரி கழிந்தபின் சம்மாட்டியின் கிணறும் தெளிந்தது. எங்கள் அதிகாரி ஒருநாள் என்னோடு வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நடந்திருக்கு" என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

அந்தப் படத்துக்குக் கொழும்பிலிருந்து அங்கீகாரம் கடைசிவரை வரவில்லை. அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. பாலத்தில் ஆமி மீண்டும் பைகளைக் கொட்டிப் பார்த்தது. சீமெந்து வரத்து நின்றது. ஆட்கள் காணாமல் போன வீடுகள் அந்த ஊரிலும் உண்டு. அந்த நாட்களில் நான் பயந்தது, இனி யாருக்கு என்ன திட்டம், அவரவர் மேட்டில் வேலி போட்டுக்கொள்வார்கள் என்று. ஒருவரும் போடவில்லை. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் மேட்டில் கொட்டில் போட மரம் இறக்கினாராம். சம்மாட்டியே போய், "இது தண்ணிக் காணி தம்பி, அங்கால வாங்கோ" என்று மரத்தைத் தூக்கிக்கொடுத்து அனுப்பினாராம்.

பிறகு தெற்கே முசலிப் பக்கத்துச் சனம் சண்டையில் எழும்பி வந்தது. முள்ளிக்குளம் போன்ற ஊர்களிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் வளவுகளிலும் தங்கினார்கள். இந்த ஊருக்கும் சில குடும்பங்கள் வருவதாகச் செய்தி கிடைத்து, இடம் பார்க்க நான் சைக்கிளில் போனேன். மத்தியான வெயில். அக்கா தன் வீட்டு வாசலில் எனக்காகக் காத்து நின்றார். ஊரே இப்படிப் பொங்கி வழிகிறதே என்று அலுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மிஸ், எங்க வீட்டுக்குப் பின்னுக்கு இன்னும் எம்புட்டு காணி இருக்கு?" என்று கேட்டார். "அவங்களுக்கும் ஒரு றோட்டு விடணும்ல."

நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். நுனியை அவர் பிடித்துக்கொண்டு தரவைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.