மயில்கழுத்து நிறத்தில் ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டி

1. செய்யலாம்

கோப்பாயில் வீதியோரமாக இருக்கிறது எங்கள் கராஜ். வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் இடம். வோட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதும், பெயின்ற் படாமல் கண்ணாடிக்கும் லைற்றுக்கும் ரேப் ஒட்டி மறைப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. பெயின்ற் விசிறும் ஸ்பிறே கன் எப்போதும் முதலாளியின் கையில் இருக்கும். வேலை முடிந்ததும் அதைக் கழுவிக் கொடுப்பது நான். கழுவிய பிறகு சுத்தமான தின்னரை ஊற்றிச் சுவரில் ஒருமுறை அடித்துப் பார்ப்பேன். ஈரம் தெரியும், உடனே காய்ந்துவிடும். ஒரு நாளாவது நிறத்தோடு அடிக்க வேண்டும் என்ற ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கதைக்க வெட்கம். வாடிக்கையாளர் யாராவது வந்தால் வாகனத்தின் மறுபக்கம் போய்விடுவேன்.

ஒரு காலை, புத்தூரிலிருந்து தர்சிகா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். முன்னால் பெட்சீற்றால் சுற்றிய பெரிய பெட்டி.

"உதென்ன பிள்ளை, மேசை லாச்சியோ?" என்று முதலாளி கேட்டார்.

"கொம்பியூட்டர்ப் பெட்டி அண்ணை. பெயின்ற் அடிக்கோணும்."

அவள் வீட்டிலிருந்தே கலியாண வீடியோக்கள் எடிற் செய்பவள். பாகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தானே பூட்டிய கொம்பியூட்டராம். பாகங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டு வந்திருந்தாள். அதன் முன்பக்கம் முழுவதும் மெல்லிய தகடுகள், புத்தகத் தாள்கள் போல விளிம்பு மட்டும் முன்னே தெரிய, நெருக்கமாக, நெடுக்காக நின்றன. அந்த இடைவெளிகளால்தான் உள்ளே காற்றுப் போகும், அதை மட்டும் அடைத்துவிட வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள்.

"என்ன கலர்?"

"மயில்கழுத்து. பட்டுச் சீலையிலை வாறது. இந்தப் பக்கத்தாலை பாத்தா நீலம், அந்தப் பக்கத்தாலை பாத்தா பச்சை."

முதலாளி கலர் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒன்றும் இல்லை. வெளியே ஒரு பஸ் வேறு பெயின்ற்றுக்குக் காத்து நின்றது. நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் ரிங்கர் வேலை செய்யும் மணியண்ணை, தட்டிக்கொண்டிருந்த மட்காட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "மயில் எங்கை வரப்போகுது? கோழிக்கழுத்து வந்தாலே பெரிய காரியம்" என்றார். தர்சிகாவின் முகம் வாடிவிட்டது. பெட்டியைத் திரும்பத் தூக்கினாள்.

"செய்யலாம்" என்று பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி கலர் புத்தகத்தை மூடினார்.

"சரி, அப்ப நீர் அடியும் விஜி. கலர் சரியா வந்தா, அடுத்த வேலையும் உமக்கு. வராட்டில் பேப்பரும் ரேப்பும்தான். பிறகு கன்னைக் கேக்கப்படாது."

நான் கன்னை ஒருபோதும் கேட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2. மணியண்ணை செய்த உதவி

செய்யலாம் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படியென்று எனக்குத் தெரியாது. நீலத்தையும் பச்சையையும் கலந்து ஒரு பழைய தகரத்தில் பிரஷால் பூசிப் பார்த்தேன். குளத்துப் பாசி போல வந்தது. பச்சைக்கு மேல் நீலம் பூசினேன். வெறும் நீலம்தான் தெரிந்தது.

மறுநாள் முதலாளியே பெட்டிக்குச் முதல் பூச்சாகச் சாம்பல் நிறப் பிறைமர் அடித்துத் தந்தார். அது காய்ந்த பிறகு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டியின் முன்பக்கம் பலகை போல மட்டமாக இருந்தது. மணியண்ணை கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரே பள்ளமும் திட்டியுமாக் கிடந்தது பிள்ளை. பட்டி போட்டு நிரவி விட்டன். இனி நீ சுகமா அடி."

எங்கள் தொழிலில் பள்ளம் என்றால் அது அடிபட்ட இடம். பள்ளத்தைக் கண்டால் மணியண்ணையின் கை சும்மா இருக்காது. அவர் கேலி செய்ததற்குப் பரிகாரமாகத்தான் அதைச் செய்தார் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபிக்கவும் முடியவில்லை. காற்றுப் போகும் வழி என்று சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பள்ளம் நிரப்பும் அந்தப் பட்டிப் பசை இறுகும் முன்னே பிளேட்டால் வழித்தெடுத்தோம். மிச்சத்தை, வோட்டர் பேப்பரை மடித்து ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டுத் தேய்த்தேன். முதலில் எல்லாத் தகடுகளின் இடப்பக்கத்தையும் முடித்தேன். அங்கே சாம்பல் பிறைமர் வெளியே வந்தது. வலப்பக்கத்தில் பட்டி இன்னும் ரோசா நிறத்தில் ஒட்டியிருந்தது. தண்ணீர் மாற்ற எழுந்து வாளியோடு பெட்டியைக் கடந்து போனேன்.

சாம்பலாக இருந்த பெட்டி ரோசாவாக மாறியது.

வாளியை வைத்துவிட்டுத் திரும்ப நடந்தேன். ரோசா சாம்பலானது. சீலையில் ஒரு நூல் நீலம், மற்ற நூல் பச்சை. இங்கே ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு பக்கம். நான் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்து, "உனக்கென்ன, பேய் பிடிச்சிட்டுதோ?" என்று மணியண்ணை கேட்டார்.

3. நிறத்தோடு அடித்த நாள்

முழுவதும் சுத்தம் செய்து முதலில் கறுப்பு அடித்தேன். பிறகு முத்துப் போல மினுங்கும் நீலப் பேர்ள் பெயின்ற்றைக் கன்னில் ஊற்றி, காற்றைக் குறைத்து, இடப்பக்கம் சரிவாக நின்று அடித்தேன். தகடுகளின் இடப்பக்கத்தில் மட்டும் நீலம் பிடித்தது. காய்ந்ததும் கன்னைக் கழுவி, பச்சையை வலப்பக்கத்திலிருந்து அடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு பூச்சும் அடித்தேன். விரலை அழுத்தியதும் வெளியே வந்தது நிறம், சுவரில் காய்ந்து போகிற ஈரமல்ல. கடைசியாக, மினுக்கத்துக்காக நிறமில்லாத கிளியர் அடித்தேன்.

பஸ் வேலையில் நின்ற முதலாளி ஒரு தரமும் கிட்ட வரவில்லை. ஆனால் அவர் பஸ்ஸைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்காமல் இருந்ததை நான் கவனித்தேன், தூர நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. நடந்து பாருங்கோ

தர்சிகா வந்து பெட்டிக்கு நேரே நின்றாள். நேரே பார்த்தால் அது கறுப்போடு கலந்த ஏதோ ஒரு நிறம்தான். அவள் பெட்டியைச் சுற்றப் பெட்சீற்றை விரித்தாள். முதலாளி தலையைச் சொறிந்தார். வேலை கெட்டுவிட்டது என்று இருவரும் நினைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. நான் வழக்கம்போலப் பஸ்ஸுக்குப் பின்னால் இருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. வெளியே வந்தேன்.

"தங்கச்சி, உதுக்கு முன்னாலை ஒருக்கா நடந்து பாருங்கோ."

வாடிக்கையாளர் ஒருவரின் முகத்தைப் பார்த்து நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் நடந்தாள். நீலம் பச்சையாக மாறியதும் பாதியில் நின்றாள். பின்னோக்கி நடந்தாள். பிறகு கராஜ் நடுவில் சின்னப் பிள்ளை மாதிரி அங்குமிங்கும் ஓடினாள். முதலாளியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய மனிதரின் நடையில், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒருமுறை போய் வந்தார்.

"ஓம், மயில்தான்" என்றார் மணியண்ணை. "அகவாததுதான் குறை."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு வேலையை முடித்ததும் நின்ற இடத்தில் நின்று பார்க்காதீர்கள், சுற்றி நடந்து பாருங்கள். வாடிக்கையாளரையும் நடக்கச் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

அவள் போன பிறகு கன்னைக் கழுவ எடுத்தேன். முதலாளி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு அந்த ஓட்டோவுக்கு ரேப் ஒட்டிப்போட்டு நீரே அடியும்" என்றார்.

அன்று கன்னைக் கழுவியது அவர்தான்.