கண் திறந்த படம்

புதிய எடிட்டிங் மென்பொருளுக்கு மாறலாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எடுக்கும் கல்யாணப் படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால், ஒரே அழுத்தலில் அது திறந்துவிடுகிறது. சோதனைப் பதிப்பில் மாப்பிள்ளையின் தங்கைக்கு அப்படிக் கண் திறந்தபோது, அப்பாவின் வாட்டர் கலர் வாசனை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது.

அன்னூரில் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுப்பார். பிறகு படத்தில் மூடிய இமைகளின் மேல் கண் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்.

எனக்கு எட்டு வயதில் அம்மா இறந்தாள். ஊரையே படமெடுத்தவர் அவளை ஒரு தடவைகூட எடுத்திருக்கவில்லை. அவளையும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் எடுத்தார்.

கண் வரைய என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். என் கண்ணையே பார்த்துப் பார்த்து வரைந்தார்.

"அழுவாத சாமி, கண்ணு செவந்துபோயிரும்."

படத்தைப் பார்த்த அத்தை, "ஏனுங்கண்ணா, இது அண்ணி கண்ணு இல்லீங்களே" என்றாள்.

அப்பா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வந்தவங்க போனவங்க கண்ணெல்லாம் நெனப்பிருக்குது அம்மணி. அவ கண்ணு மட்டும் நெனப்புக்கு வர மாட்டீங்குது."

அப்பா கண் வரையாமல் வைத்திருந்த அம்மா படத்தின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நேற்று அதை ஸ்கேன் செய்து, பொத்தானை அழுத்தினேன். இதே நபரின் கண் திறந்த படம் ஒன்று வேண்டும் என்று திரையில் வந்தது.

மென்பொருளை அழித்துவிட்டு முகம் கழுவப் போனேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.