மிளகுத் தூசி தின்ற ஓர்டர்

மாத்தளையில் மிளகை முகர்ந்தே அது எந்தப் பக்கத்து மிளகு என்று சொல்கிற ஆள் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வைத்த மிளகுக் கடைக்கு, போனில் ஓர்டர் எடுக்கப் படித்த மகள் ஓர் ஆப் செய்து தந்தாள். ஓர்டர் வந்தால் போன் சத்தம் போடும். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சரக்குப் போகாத கோபத்தில் நாவுல ஊர் ஹோட்டல்காரர், "இனி வேற கடை பாக்குறேன் ஹாஜியார்" என்று சொல்லிவிட்டார்.

"ஒன்ட ஆப் ஓர்டரத் திங்குது மக" என்றேன்.

"எனக்கு முன்னால ஒருக்கா தொறந்து காட்டுங்க வாப்பா" என்றவள், தன் போனிலிருந்து ஓர் ஓர்டர் அனுப்பினாள்.

கடையில் தராசோ போனோ, மிளகுத் தூசியைத் துடைக்காமல் நான் எதையும் பார்ப்பதில்லை. வழக்கம்போல் திரையை விரலால் ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்தேன். ஓர்டர் திரையிலிருந்து அழிந்துபோய்விட்டது.

மகள் தலையில் கை வைத்தாள். "பக்கத்துக்குத் தள்ளினா அழியிற மாதிரி நான்தான் வெச்சேன். தூசி தொடைக்கிற மனுசர நெனைக்கல்ல."

அன்றைக்கே, அழுத்திப் பிடித்தால்தான் அழியும் என்று மாற்றிவிட்டாள். மிளகை நானே நாவுலவுக்குக் கொண்டுபோய், ஹோட்டல்காரரிடம், "ஆப்புல இருந்த பெரிய பிழைய நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

"அப்ப என்ட ஓர்டர அழிச்சது யாரு?"

"அழிச்சாத்தானே கண்டுபிடிக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே மூட்டையை இறக்கச் சொன்னார்.