காதில் துளை இல்லாத எலிகள்

எலி வளர்ப்பறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் போலீஸக்கா. அந்தப் பெயரை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பாதித் தெரு போனபிறகு திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பாள். பேருந்து ஓட்டுகிற கணவர் கால் மணி நேரம் தாமதமாக வந்தால் போதும், வண்டி எங்கெங்கே நின்றது என்று வரிசையாக ஒப்பிக்க வேண்டும். "உன்கிட்ட வாக்குமூலம் குடுத்தே என் ஆயுசு போயிடும்" என்பார் அவர். ஒருவர் சிரித்துப் பேசினால், இவர் எதை மறைக்கிறார் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றும்.

ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, குட்டிகள் தாயைப் பிரிந்ததும் காதில் அடையாளத் துளை போடுவது எல்லாம் அவள் கைதான். வலது காதில் ஒரு துளை என்றால் ஒன்றாம் எண், இரண்டு துளை என்றால் இரண்டாம் எண், இடது காதில் ஒன்று என்றால் மூன்று. வெள்ளை எலிகளுக்கு முகம் ஒரே அச்சு. காதை வைத்துத்தான் ஆள் தெரியும். குனிந்து நிமிர்ந்தே அவளுடைய முட்டி தேய்ந்துவிட்டது. அவள் அம்மாவுக்கும் இதே வயதில் இதே முட்டிதான் போனது.

ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் நடத்திய ஆராய்ச்சியும் முட்டியைப் பற்றித்தான். வெவ்வேறு வம்சத்து எலிகளை ஓடும் பட்டையில் ஓடவிட்டு, எது எவ்வளவு தூரம் தாங்குகிறது, எதற்கு முட்டி கெடுகிறது, அதில் பிறவியிலேயே வந்தது எவ்வளவு என்று பார்த்தார்கள். ஓடவிட்டுக் குறித்துவைக்கும் ஆராய்ச்சி மாணவனுக்கு முப்பது வயது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு மூன்று வருடமாக இந்த எலிகளோடுதான் அவனுக்குக் குடித்தனம். வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பான். அதனாலேயே அவன்மேல் அவளுக்கு ஒரு சந்தேகக் கண்.

போன வருடம் வெளியூர் ஆய்வுக்கூடத்திலிருந்து புது வம்சம் ஒன்று வந்தது. காதில் உலோக வில்லை மாட்டி வந்த அந்த எலிகள் மாதக்கணக்கில் ஓடின. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மாணவன் குதித்தான்: ஒன்றுக்குக்கூட முட்டி தேயவில்லை. "ஓடியும் தேயாதாம்! யார் காதுல பூ சுத்தறான்?" என்று அவள் கணவரிடம் கேட்டாள். குட்டிகளிலும் அதையே காட்டினால்தான் அவன் ஆராய்ச்சி நிலைக்கும். அந்தக் குட்டிகளுக்குத் துளை போட்டுவிட்டு, முட்டி வைத்தியத்துக்காக அவள் ஐந்து வாரம் விடுப்பில் போனாள்.

திரும்பி வந்த திங்கட்கிழமை, கூண்டைத் திறந்தவள் திகைத்து நின்றாள். ஐந்து குட்டி, ஒன்றின் காதிலும் துளை இல்லை. அடுத்த மூன்று கூண்டுகளிலும் அதே கதை. தன் கை தப்பாது. அப்படியென்றால் எலி மாறியிருக்கிறது. அறைச் சாவி அவளை விட்டால் அவனிடம்தான். முட்டி தேயாத குட்டிகளாகப் பொறுக்கி உள்ளே விட்டிருக்கிறான்! அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் புகார் எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள்.

மேடம் இருவரையும் கூப்பிட்டார்.

"இந்தத் தம்பிதான் எலியை மாத்திட்டாரு மேடம். திருட்டு வேலை."

"லீவு போற அவசரத்துல அக்கா குத்தாமயே போயிருப்பாங்க" என்றான் அவன்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாசம் பாப்போம். எலி மாறியிருந்தா உன் மூணு வருஷ வேலையும் குப்பைக்குத்தான், நீ கெளம்பலாம். குத்தாம விட்டிருந்தீங்கன்னா, நீங்க கெளம்பலாம்."

புது வம்சம், பழைய வம்சம் இரண்டுக்கும் மூவரும் பார்க்க மறுபடி துளை போட்டார்கள். கூண்டுகளின் மேல் தாள் ஒட்டி மூவரும் கையெழுத்திட்டார்கள். சாவி இரண்டும் மேடத்தின் பைக்குப் போயின. தினமும் பதினோரு மணிக்கு மூவரும் சேர்ந்து திறந்து, துளையை அளந்து, புதுத் தாள் ஒட்டினார்கள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் புது வம்சத்தின் துளைகள் சிறுத்தன. மருந்து எதையோ தடவுகிறான் என்று நினைத்து அவன் விரலை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. ஒருவேளை மேடமும் இதற்கு உடந்தையோ? அன்று மேடம் கொடுத்த தேநீரை அவள் குடிக்கவில்லை. மூன்றாவது வாரம் துளை கடுகளவு ஆனது. அவனோ பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, பாதியாக இளைத்துவிட்டான். அதையும் குற்றவாளியின் லட்சணம் என்றே அவள் நினைத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் புது வம்சத்தின் காதுகளில் துளை இருந்த இடமே தெரியவில்லை. பழைய வம்சத்தின் துளைகள் அப்படியே இருந்தன. ஒட்டிய தாள் கிழியவில்லை.

"யாரும் எதையும் மாத்தல" என்றார் மேடம் மெல்ல. "இதுங்க காது தானா மூடிக்குது. பிறவியிலயே அப்படி. முட்டியையும் இதே மாதிரி சரிபண்ணிக்குதோ என்னவோ, இனிமேதான் பாக்கணும்." அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டார்.

போலீஸக்காவுக்கு வேலை தப்பியது. ஆனால் நிம்மதி வரவில்லை. அவன் நாளைக்கு எங்கே வேலைக்குப் போனாலும் கோப்பில் அவள் புகார் கூடவே போகும் என்று எழுத்தர் சொல்லியிருந்தார். அதை எடுக்க இன்னொரு கடிதம் வேண்டுமாம். உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒரு வரிகூட ஓடவில்லை. கடைசியில் அவனிடமே தாளை நீட்டினாள்.

"நீயே எழுது தம்பி. நான் கையெழுத்துப் போடறேன்."

அவன் எழுதிப் படித்தான்: "தவறான புரிதலால் நான் அளித்த புகாரை…"

"புரிதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அக்கா அக்கான்னு நீ சிரிச்சது எனக்குப் பொறுக்கல. அதான் திருடன்னேன். அப்படியே போடு."

அவன் பேனாவை வைத்தான். "நானும் ஒண்ணு சொல்லணும்க்கா. நீங்கதான் காதுல எதையோ தடவறீங்களோன்னு, இந்த மாசம் ஒருநாள் நீங்க இல்லாதப்போ உங்க அலமாரியத் தெறந்து துழாவினேன்."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இருபத்திரண்டு வருடத்தில் அவளை ஒருவரும் இப்படி நினைத்ததில்லை. தன் துணிகளுக்குள் இன்னொரு கை புகுந்ததை நினைக்க உடம்பு கூசியது. தன் சந்தேகத்தால் இதே கூச்சத்தைத்தான் இவன் ஒரு மாதமாகச் சுமந்தான் என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கண் கலங்கியது.

"அதையும் எழுதட்டுமாக்கா?"

"வேணாம்" என்றாள். "என்னோடதை மட்டும் எழுது."